ஆற்றைக் கடக்கக் காசில்லாமல் நின்றவர், ஜனாதிபதியையே எதிர்த்து வென்றார்: பத்திரிகை மன்னர் ஜோசப் புலிட்சரின் கதை

1865-ம் ஆண்டு. குளிர் தொடங்கி விட்ட நேரம். அமெரிக்காவில் மிஸிசிபி ஆற்றின் கிழக்குக் கரையில் ஒரு வாலிபன் நின்று கொண்டிருந்தான். ஆற்றுக்கு அக்கரையில் செயிண்ட் லூயி நகரத்தின் விளக்குகள் தெரிந்தன. அங்கே போனால் பிழைத்துக் கொள்ளலாம் என்று நம்பி, சரக்கு ரெயிலில் தொற்றிக் கொண்டு வந்து சேர்ந்தவன் அவன். ஆனால் படகுக் கட்டணம் கொடுக்கக் கையில் ஒரு காசு இல்லை.

அவனுக்கு வயது 18. ஆள் நெட்டை, உடம்போ ஈர்க்குச்சி. கண்பார்வை மங்கல். ஆங்கிலம் சரியாகப் பேச வராது. படகில் இருந்தவர்கள் ஜெர்மன் மொழியில் பேசுவது காதில் விழுந்தது. அது அவனுக்குத் தெரிந்த மொழி. கூப்பிட்டுத் தன் நிலைமையைச் சொன்னான். கொதிகலன் அடுப்பை எரித்தால் ஏற்றிக் கொள்வதாகச் சொன்னார்கள். அப்படி அடுப்பு எரித்தே அவன் ஆற்றைக் கடந்தான்.

அந்த வாலிபன் பின்னால் மாநில சட்டசபையில் உட்கார்ந்தான். பாராளுமன்றத்துக்கும் போனான். அமெரிக்காவிலேயே அதிகமாக விற்ற பத்திரிகையை நடத்தினான். ஒரு ஜனாதிபதி பதவிக்கு வர உதவினான். இன்னொரு ஜனாதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தார், முடியவில்லை.

அவர்தான் ஜோசப் புலிட்சர். இன்று உலகம் முழுவதும் பத்திரிகையாளர்கள் பெரிதாக மதிக்கும் புலிட்சர் பரிசு அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

கண்ணும் சரியில்லை, உடம்பும் சரியில்லை

புலிட்சர் 1847-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி ஹங்கேரி நாட்டில் மாக்கோ என்ற ஊரில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் தானிய வியாபாரி. ஆரம்பத்தில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் மகன் சிறுவனாக இருக்கும்போதே தகப்பனார் இறந்து போனார். குடும்பம் நொடித்தது. தாயார் மறுமணம் செய்து கொண்டார்.

ஜோசப் பட்டாளத்தில் சேரப் புறப்பட்டார். ஆஸ்திரியப் பட்டாளத்தில் அவரைச் சேர்த்துக் கொள்ளவில்லை. பார்வைக் குறைவு, உடம்பு ஒல்லி என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் வட மாநிலங்களுக்கும், அடிமை முறையை விட மறுத்துப் பிரிந்து போன தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது. வடக்கத்திப் படைக்கு ஐரோப்பாவில் ஆள் பிடித்தார்கள். ஆள் பிடிக்க வந்தவர்களுக்குக் கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. ஜோசப்பைக் கப்பலில் ஏற்றி விட்டார்கள்.

1864-ல் கப்பல் பாஸ்டன் துறைமுகத்தை அடைந்தது. படையில் சேருகிறவருக்குக் கிடைக்க வேண்டிய சன்மானத்தை ஏஜெண்டு தட்டிக் கொள்வான் என்று தெரிந்ததும், ஜோசப் கடலில் குதித்து நீந்திக் கரையேறி, தானே போய்ப் பெயர் கொடுத்து அந்தப் பணத்தை வாங்கிக் கொண்டார் என்று சொல்வார்கள். குதிரைப்படையில் சில மாதங்கள் இருந்தார். போர் முடிந்தது. வேலையும் போயிற்று. நியூயார்க் தெருக்களில் அலைந்து விட்டு, ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் செயிண்ட் லூயிக்கு வண்டி ஏறினார்.

மோசம் போன 5 டாலர்

அந்த நகரத்தில் அவர் பார்க்காத வேலை இல்லை. பட்டாள முகாமில் கோவேறு கழுதைகளைப் பராமரித்தார். ஓட்டலில் பரிமாறினார். 1866-ல் காலரா பரவியபோது பிணங்களைப் புதைக்கும் வேலையைக் கூடப் பார்த்தார்.

ஒரு நாள் ஓர் ஆசாமி வந்தான். லூசியானாவில் கரும்புத் தோட்ட வேலை இருக்கிறது, நல்ல சம்பளம், தலைக்கு 5 டாலர் கட்டினால் கூட்டிப் போகிறேன் என்று ஆசை காட்டினான். புலிட்சரும் இன்னும் சுமார் 40 பேரும் பணம் கட்டினார்கள். படகு நகரத்துக்குத் தெற்கே பல மைல் போனதும் எல்லோரையும் இறக்கி விட்டு விட்டுப் போய் விட்டது. தோட்டமும் இல்லை, வேலையும் இல்லை. நடந்தே ஊர் திரும்பினார்கள்.

ஊரை விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களுக்கு இந்த மாதிரி ஏஜெண்டு புதியவன் அல்ல. மற்றவர்கள் தலையில் அடித்துக் கொண்டு போனார்கள். புலிட்சர் நடந்ததை எழுதினார். அந்த ஊரில் வெளிவந்த 'வெஸ்ட்லிஷ போஸ்ட்' என்ற ஜெர்மன் பத்திரிகை அதை வெளியிட்டது. அவர் எழுதி அச்சில் வந்த முதல் செய்தி அதுதான் என்று சொல்வார்கள்.

வேலை போக மிச்ச நேரத்தை நகர நூல் நிலையத்தில் கழித்தார். அங்கே ஆங்கிலம் படித்தார், சட்டமும் படித்தார். அங்கே சதுரங்கம் ஆட வந்தவர்களில் இருவர் அந்த ஜெர்மன் பத்திரிகையின் சொந்தக்காரர்கள். அந்தப் பழக்கம் வேலை வாங்கிக் கொடுத்தது. 1867-ல் புலிட்சர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1868-ல் நிருபர் ஆனார்.

209-க்கு 147

அவருடைய முதலாளிகளில் ஒருவர் கார்ல் ஷுர்ஸ். அவரும் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர். 1869-ல் அவர் அமெரிக்க செனட் சபை உறுப்பினர் ஆனார்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் காங்கிரஸ் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபைக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை ஜனங்கள் நேரே ஓட்டுப் போடுகிறார்கள். செனட் சபைக்கு மாநிலத்துக்கு 2 பேர், 6 ஆண்டுப் பதவி. அந்தக் காலத்தில் செனட் உறுப்பினர்களை மாநில சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன, நம் ராஜ்யசபை போல. ஆகவே செனட்டில் தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்த பணக்காரன், சட்டசபையைச் சரிக்கட்டினால் போதும். 1913-ல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையும் ஜனங்களிடம் கொடுத்தார்கள்.

புலிட்சருக்கும் அரசியல் ஆசை வந்தது. 1869 டிசம்பரில் மிசௌரி மாநில சட்டசபைக்கு ஓர் இடைத்தேர்தல். எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கான தொகுதி. குடியரசுக் கட்சியில் நிற்க ஆள் இல்லை. புலிட்சரை நிறுத்தி வைத்தார்கள். அவர் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார். 209 ஓட்டு வாங்கினார். எதிரிக்குக் கிடைத்தது 147.

உறுப்பினராக 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சட்டம். புலிட்சருக்கு வயது 22. அதை யாரும் கிளப்பவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. ஊழலைத் துரத்தப் போனவர் சட்டசபைக்குள் நுழைந்ததே இப்படி ஒரு விதிமீறலோடுதான்.

துப்பாக்கிச் சூடு

சபையில் உறுப்பினர், வெளியே நிருபர் என்று இரட்டை வேடம். பகலில் விவாதத்தில் கலந்து கொள்வார். அங்கே கண்டதைத் தன் பத்திரிகைக்கு எழுதி அனுப்புவார். செயிண்ட் லூயி வட்டார நிர்வாகத்தின் கட்டிட கான்டிராக்டுகளில் ஊழல் நடக்கிறது என்று எழுதினார். அந்த நிர்வாக அமைப்பை மாற்றச் சட்டசபையில் மசோதாவும் கொண்டு வந்தார்.

மனநோய் மருத்துவமனை கட்டும் கான்டிராக்டை எடுத்திருந்தவருக்கு ஆத்திரம் வந்தது. 1870 ஜனவரியில் ஒரு ஓட்டலில் பலர் முன்னிலையில் புலிட்சரைப் பொய்யன் என்று ஏசினார். புலிட்சர் தன் அறைக்கு ஓடித் துப்பாக்கியை எடுத்து வந்து சுட்டார். கான்டிராக்டருக்குக் காலில் காயம். கோர்ட்டில் 100 டாலர் அபராதம் விழுந்தது. அடுத்த தேர்தலில் பதவியும் போயிற்று.

சூடு பட்டவர் கான்டிராக்டர். பாடம் கற்றவர் புலிட்சர். இருந்தாலும் முன்கோபம் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

ஓட்டு அதிகம், பதவி இல்லை

1876-ல் ஜனாதிபதி தேர்தல். புலிட்சர் அதற்குள் ஜனநாயகக் கட்சிக்கு மாறி இருந்தார். அந்தக் கட்சியின் டில்டனுக்காக ஊர் ஊராகப் பேசினார். தேர்தலுக்குப் பின் ஒரு நியூயார்க் பத்திரிகைக்கு நிருபராகி, வாஷிங்டனில் இருந்து எழுதினார்.

அமெரிக்காவில் ஜனாதிபதியை ஜனங்களின் மொத்த ஓட்டு முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் என்று கணக்கு உண்டு. பெரும்பாலும், ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டு அதிகம் பெற்றாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர் அத்தனை பேரும் ஜெயித்தவருக்குப் போய் விடுவார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய இதுதான் முறை.

அந்தத் தேர்தலில் டில்டனுக்கு எதிரி ஹேயஸை விட சுமார் இரண்டரை லட்சம் ஓட்டு அதிகம். ஆனால் 20 தேர்வாளர்களின் ஓட்டு யாருக்கு என்பதில் தகராறு. காங்கிரஸ் 15 பேர் கொண்ட கமிஷனை நியமித்தது: செனட்டில் 5 பேர், பிரதிநிதிகள் சபையில் 5 பேர், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 5 பேர். தகராறான ஓட்டுகள் எல்லாவற்றையும் 8-க்கு 7 என்ற கணக்கில் ஹேயஸுக்கே கொடுத்தார்கள். முடிவு: ஹேயஸ் 185, டில்டன் 184.

ஓட்டுப் போடுவது ஒருவர், அதை எண்ணிக் கணக்குப் பார்ப்பது வேறொருவர் என்பதைப் புலிட்சர் பக்கத்தில் இருந்து பார்த்தார். அதை உரக்கச் சொல்லச் சொந்தமாகப் பத்திரிகை வேண்டும் என்ற ஆசை வலுத்தது.

ஏலத்தில் எடுத்த பத்திரிகை

1878 டிசம்பரில் செயிண்ட் லூயி 'டிஸ்பாட்ச்' என்ற பத்திரிகை திவாலாகி ஏலத்துக்கு வந்தது. புலிட்சர் 2,500 டாலருக்கு எடுத்தார். அதன் தலையில் இருந்த 30 ஆயிரம் டாலர் கடனும் சேர்ந்து வந்தது. சில நாட்களிலேயே போட்டிப் பத்திரிகையான 'போஸ்ட்'டுடன் இணைத்து 'போஸ்ட் டிஸ்பாட்ச்' ஆக்கினார்.

ஊர்ப் பணக்காரர்கள் வரி அதிகாரிகளிடம் தங்கள் சொத்து எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்களோ, அந்தக் கணக்கை அப்படியே அச்சிட்டார். மாளிகையில் வாழ்கிறவர்கள் காட்டிய கணக்கைப் பார்த்து ஊரே சிரித்தது. கேஸ் கம்பெனியின் ஏகபோகம், லாட்டரி மோசடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். விற்பனை ஏறியது, பகையும் ஏறியது. 1882-ல் அந்தப் பகை முற்றி, பத்திரிகை ஆபீசுக்குள் சண்டைக்கு வந்த ஒரு வக்கீலை நிர்வாக ஆசிரியர் சுட்டுக் கொன்று விட்டார். தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னார், வழக்கு நிற்கவில்லை. ஆனால் ஊர் கொதித்தது.

புலிட்சர் நியூயார்க் பக்கம் திரும்பினார். 1883 மே மாதம், ரெயில்வே கோடீசுவரர் ஜே கூல்டிடம் இருந்து நஷ்டத்தில் ஓடிய 'வேர்ல்டு' பத்திரிகையை 3 லட்சத்து 46 ஆயிரம் டாலருக்குத் தவணை முறையில் வாங்கினார். அப்போது அதன் விற்பனை சுமார் 15 ஆயிரம்.

நியூயார்க் அப்போது வந்தேறிகளின் நகரம். அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி, ரஷியா என்று பல தேசத்து ஏழைகள். ஆங்கிலம் அரைகுறை. அவர்களுக்குப் புரிகிறபடி சின்னச் சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, படங்கள். விலை 2 சென்ட். கொலை, கொள்ளைச் செய்தியும் உண்டு. அதன் பக்கத்திலேயே அரசாங்கம் எப்படி நடக்கிறது என்ற செய்தியும் உண்டு. முதலாவதைப் படிக்க வாங்கியவர் இரண்டாவதையும் படித்தார். சில ஆண்டுகளில் விற்பனை 2 லட்சத்தைத் தாண்டியது.

ஆயிரம் ஓட்டில் ஜனாதிபதி

1884-ல் மறுபடியும் ஜனாதிபதி தேர்தல். குடியரசுக் கட்சிக்கு பிளெயின். ஜனநாயகக் கட்சிக்கு நியூயார்க் கவர்னர் கிளீவ்லண்ட். 'வேர்ல்டு' கிளீவ்லண்டை ஆதரித்தது.

ஓட்டுப் பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது பிளெயினுக்கு நியூயார்க்கில் கோடீசுவரர்கள் ஒரு விருந்து வைத்தார்கள். மறுநாள் 'வேர்ல்டு' முதல் பக்கத்தில் பெரிய கேலிச்சித்திரம். தின்று கொழுத்த பணக்காரர்கள் நடுவில் பிளெயின். மேஜைக்கு முன்னால் கை ஏந்தி நிற்கும் ஓர் ஏழைக் குடும்பம். ஜனநாயகக் கட்சியினர் அதைப் பெரிதாக அச்சடித்து ஊர் முழுவதும் ஒட்டினார்கள். விருந்து நடந்த அதே நாள் காலையில் பிளெயினை ஆதரித்துப் பேசிய பாதிரியார் ஒருவர் கத்தோலிக்கர்களை இழிவாகப் பேசியதும் சேர்ந்து கொண்டது. அயர்லாந்துக்காரர் ஓட்டு கை மாறியது.

நியூயார்க் மாநிலத்தில் 11 லட்சத்துக்கு மேல் ஓட்டுப் பதிவானது. கிளீவ்லண்ட் அங்கே ஜெயித்தது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில். அந்த மாநிலத்தின் 36 தேர்வாளர்களும் அவருக்குக் கிடைத்தார்கள். மொத்தக் கணக்கு 219-க்கு 182. அந்த 36 மாறியிருந்தால் பிளெயின்தான் ஜனாதிபதி.

பதவியை உதறினார்

அதே தேர்தலில் புலிட்சரும் நியூயார்க்கில் இருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 7 ஆண்டு குடிமகனாக இருந்தவர் அந்தச் சபைக்குப் போகலாம். ஆனால் ஜனாதிபதி பதவி பிறப்பால் குடிமகனானவருக்கு மட்டும்தான். ஆகவே குடியேறிய ஒருவர் அடையக்கூடிய பெரிய பதவிகளில் ஒன்றுக்கு அவர் வந்து விட்டார் என்றே சொல்லலாம்.

ஆனால் சபையில் அவர் சோபிக்கவில்லை. அங்கே பல நூறு பேரில் அவர் ஒருவர். கமிட்டி, விதி, வரிசை என்று நாள் ஓடியது. பத்திரிகை ஆபீசில் அவர் நினைத்தது மறுநாள் காலை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. 1886 ஏப்ரல் 10-ந்தேதி, தன் 39-வது பிறந்த நாளில், உறுப்பினர் பதவி அவர் கையை விட்டுப் போயிற்று. அவரே ராஜினாமா செய்தார்.

பத்திரிகையால் என்ன முடியும் என்பதை அதற்கு முந்தின ஆண்டே காட்டியிருந்தார். சுதந்திர தேவி சிலையைப் பிரெஞ்சு மக்கள் அன்பளிப்பாக அனுப்பி வைத்தார்கள். நிறுத்தப் பீடம் இல்லை. காங்கிரஸ் பணம் ஒதுக்கவில்லை. நியூயார்க் சட்டசபை கொடுக்க முன்வந்த 50 ஆயிரம் டாலரைக் கவர்னராக இருந்த கிளீவ்லண்டே தடுத்து விட்டார். கோடீசுவரர்களும் கண்டு கொள்ளவில்லை.

புலிட்சர் 1885 மார்ச்சில் தம் வாசகர்களிடம் கை நீட்டினார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் பத்திரிகையில் வரும் என்று அறிவித்தார். தொழிலாளிகள், வேலைக்காரப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று 1 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. ஐந்தே மாதத்தில் 1 லட்சம் டாலர் சேர்ந்து விட்டது. துறைமுகத்தில் அந்தச் சிலை இன்றும் நிற்பது ஏழைகள் போட்ட பீடத்தின் மேல்தான்.

அழியாத கறை

1887-ல் இருந்து புலிட்சரின் பார்வை வேகமாக மங்கியது. பிறகு ஏறக்குறையக் குருடர் ஆனார். சின்னச் சத்தம் கூட அவரை வதைத்தது. சத்தம் நுழையாத அறைகளிலும், தம் சொந்தக் கப்பலிலும் காலம் தள்ளினார். காரியதரிசிகள் பத்திரிகைகளைப் படித்துக் காட்டுவார்கள். தந்தி மூலமாகவே 20 ஆண்டுக்கு மேல் 'வேர்ல்டை' நடத்தினார்.

1895-ல் ஹெர்ஸ்ட் என்ற இளம் பணக்காரர் நியூயார்க்கில் 'ஜர்னல்' பத்திரிகையை வாங்கினார். அது புலிட்சரின் தம்பி ஆல்பர்ட் தொடங்கிய பத்திரிகை. ஹெர்ஸ்ட் புலிட்சரிடம் இருந்த ஆட்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்தார். விலையைக் குறைத்தார். இரண்டு பத்திரிகைகளும் கட்டிப் புரண்டன.

அப்போது கியூபா தீவு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அங்கே கலகம். 1898 பிப்ரவரி 15-ந்தேதி ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'மெயின்' வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் தெரியும் முன்பே இரண்டு பத்திரிகைகளும் ஸ்பெயின் மீது பழியைப் போட்டு ஜனங்களைக் கிளப்பி விட்டன. ஏப்ரலில் காங்கிரஸ் போர்ப் பிரகடனம் செய்தது. போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் இங்கிலாந்துடன் போர் மூளும் நிலை வந்தபோது சமாதானம் வேண்டும் என்று தனியாக நின்று வாதாடிய புலிட்சர், விற்பனைப் போட்டியில் தம்மை மறந்து விட்டார். மஞ்சள் பத்திரிகை என்ற வசைப்பெயர் பிறந்தது அந்தச் சமயத்தில்தான்.

போர் நேரத்தில் பத்திரிகை விற்கும் பையன்களுக்கு 100 பிரதியின் விலையை 50 சென்டில் இருந்து 60 சென்டாக உயர்த்தினார்கள். போர் முடிந்த பிறகும் 'வேர்ல்டும்' 'ஜர்னலும்' குறைக்கவில்லை. 1899 ஜூலையில் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்பனை சரிந்தது. விலையைக் குறைக்காவிட்டாலும், விற்காத பிரதிகளைத் திரும்ப எடுத்துக் கொள்ள முதலாளிகள் சம்மதித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு என்று 5 டாலர் கட்டி ஏமாந்தவரின் பத்திரிகையே தெருப் பையனின் காசில் கை வைத்ததை மறைத்துச் சொல்வதற்கில்லை.

பாலிசிதாரர் பணம்

போருக்குப் பின் 'வேர்ல்டு' மெல்லப் பழைய பாதைக்குத் திரும்பியது. 1905-ல் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் உள்சண்டை வெளியே வந்தது. 'வேர்ல்டு' விடாமல் எழுதியது. நியூயார்க் சட்டசபை விசாரணைக் கமிட்டி போட வேண்டியதாயிற்று. சாட்சிகளை விசாரித்தவர் சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ் என்ற வக்கீல்.

விசாரணையில் வந்த விவரம் நாட்டையே உலுக்கியது. குமாஸ்தாவும் தொழிலாளியும் குடும்பத்துக்காகக் கட்டிய பிரிமியத்தில் இருந்து கட்சிக்குத் தேர்தல் நிதி போயிருந்தது. சட்டசபைகளில் மசோதாக்களை நிறுத்தவும் தள்ளவும் தனியாகச் செலவு நடந்திருந்தது. 1906-ல் நியூயார்க்கில் இன்சூரன்ஸ் சட்டங்கள் கடுமையாயின. 1907-ல், கம்பெனிகள் தேசியத் தேர்தல் வேட்பாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கக் கூடாது என்று காங்கிரஸ் சட்டம் செய்தது. ஹியூஸ் 1906-ல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரிடம் தோற்றவர் யார் தெரியுமா? புலிட்சரின் போட்டியாளர் ஹெர்ஸ்ட்தான்!

ஜனாதிபதி போட்ட வழக்கு

பனாமா கால்வாய் உரிமைக்காக அமெரிக்க அரசு ஒரு பிரெஞ்சு கம்பெனிக்கு 4 கோடி டாலர் கொடுத்திருந்தது. அந்தப் பணம் உண்மையில் யார் கைக்குப் போயிற்று என்று 1908 அக்டோபரில் 'வேர்ல்டு' கேள்வி கிளப்பியது. அதில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மைத்துனர் பெயரும் அடிபட்டது. அந்தக் குற்றச்சாட்டு கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை.

ரூஸ்வெல்ட் கொதித்தார். டிசம்பர் 15-ந்தேதி காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் புலிட்சரின் பெயரைச் சொல்லி, அவர் மீது அரசாங்கமே வழக்குத் தொடர வேண்டும் என்றார். 1909-ல் வழக்குகள் வந்தன. 61 வயதுக் குருடர் சிறைக்குப் போக வேண்டிய நிலை வரலாம் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அவதூறு என்றால், பாதிக்கப்பட்டவர் மாநிலக் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஆனால் மத்திய அரசு, கோட்டைகளையும் ராணுவ இடங்களையும் பற்றிய ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. 'வேர்ல்டு' பிரதிகள் ராணுவக் கல்லூரிக்கும் மத்திய அரசின் தபால் கட்டிடத்துக்கும் போனதால், மத்திய அரசின் மண்ணில் குற்றம் நடந்தது என்று வாதித்தது. அதை ஒப்புக் கொண்டால், நாட்டில் எங்கெல்லாம் மத்திய அரசுக்கு இடம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே செய்திக்குத் தனித்தனி வழக்குப் போடலாம். எந்தப் பத்திரிகை தாங்கும்?

'வேர்ல்டு' பணியவில்லை. நியூயார்க் மத்திய கோர்ட்டு நீதிபதி வழக்கைத் தள்ளினார். அரசு அப்பீல் செய்தது. 1911 ஜனவரி 3-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மாநிலச் சட்டம் இருக்கும்போது மத்திய அரசு இப்படி வழக்குப் போட முடியாது என்பதே தீர்ப்பு. 'வேர்ல்டு' எழுதியது உண்மை என்று கோர்ட்டு சொல்லவில்லை. ஆனால் தன்னைப் பற்றி எழுதியவர் மீது ஆளுகிறவர் அரசாங்க யந்திரத்தை ஏவி விடும் வழி அடைபட்டது.

போனது எது, இருப்பது எது

அதே ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி, தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்தில், தம் கப்பலிலேயே புலிட்சர் இறந்தார். வயது 64.

பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்க ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் ஒதுக்கிய 20 லட்சம் டாலரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912-ல் அது திறக்கப்பட்டது. பரிசுகள் 1917-ல் தொடங்கின. 1937-ல் அந்தப் பரிசைப் பெற்ற நிருபர்களில் ஒருவர் கோவிந்த் பிஹாரி லால். நம் நாட்டில் இருந்து போய் அங்கே எழுதிப் பிழைத்தவர். பரிசு பெற்ற முதல் இந்தியர். அவர் வேலை பார்த்தது ஹெர்ஸ்டின் நிறுவனத்தில்!

'வேர்ல்டை' ஒருபோதும் விற்கக் கூடாது என்று புலிட்சர் உயிலில் எழுதி வைத்தார். பிள்ளைகள் 1931-ல் விற்று விட்டார்கள். அவர் கட்டிய வானளாவிய கட்டிடத்தையும் 1955-ல் இடித்தார்கள். அமெரிக்கக் காங்கிரசில் அவர் என்ன பேசினார் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவர் வாழ்க்கை சொல்லும் சேதி ஒன்றுதான். சட்டசபை உறுப்பினருக்கு ஜனங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுப் போடுகிறார்கள். பத்திரிகைக்கோ தினந்தோறும் காசு கொடுத்து ஓட்டுப் போடுகிறார்கள். அந்தக் காசை நம்பி அவர் நின்றபோது கோடீசுவரர்களும் ஜனாதிபதியும் அவரை அசைக்க முடியவில்லை. அந்தக் காசுக்கு ஆசைப்பட்டபோது, 1898-ல், அவரே சறுக்கி விழுந்தார். இரண்டு சமயத்திலும் காசு கொடுத்தவர் வாசகர்தான். நல்ல பத்திரிகை எது என்பதை ஆசிரியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், கடையில் எதை எடுப்பது என்று பார்க்கிற வாசகரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்.